மூன்று இடித் தெய்வங்கள்

யாரும் சிரிக்கவில்லை.

மேசைமேல் பூனை உட்கார்ந்திருந்தது. தலையில் காகிதக் கிரீடம். கழுத்தில் டீச்சரின் கைக்குட்டை. இதுதான் ஸீயஸ், இடியின் அரசன் என்று டீச்சர் அறிவித்திருந்தாள்.

பூனை தும்மியது. கிரீடம் சரிந்து ஒரு கண்ணை மறைத்தது.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வகுப்பில் அவள் குரல் மட்டும் கேட்டது.

பதினான்கு பிள்ளைகள். எல்லாரும் மலேசியாவின் பகாங் மலைக்காட்டில் வாழும் ஒராங் அஸ்லி பழங்குடி வீட்டுப் பிள்ளைகள். அவள் ஈப்போவிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று வாரம்.

பலகையில் ‘உலகப் புராணங்கள்’ என்று எழுதியிருந்தாள். கீழே ஸீயஸ், தோர். போனால் போகிறதென்று நம் இந்திரனையும் சேர்த்திருந்தாள்.

அதோடு உலகம் முடிந்துவிட்டது.

“ஏன் மரம் மாதிரி உட்கார்ந்திருக்கீங்க? கதையே கேட்டதில்லையா?”

மலாயில்தான் கேட்டாள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கிரீடத்தை ஒட்டவே அரைமணி நேரம் ஆகியிருந்தது.

முன்வரிசையில் ரினி. பத்து வயது. சொன்னதைத் தட்டாத பிள்ளை. அவளை எழுப்பிப் பூனைக்கு எதிரே நிறுத்தினாள்.

“நீயாவது சிரி, பார்ப்போம்.”

ரினி ஜன்னலைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள்.

பிறகு பல் தெரியச் சிரித்தாள்.

பின்வரிசையில் ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது.

மதியம் வானம் கறுத்தது. முதல் இடியில் தகரக் கூரை அதிர்ந்தது. ரினி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினாள். தன் முடியில் ஒரு கற்றையை வெட்டினாள். பள்ளிச் சமையற்காரி, அவளும் அந்த ஊர்க்காரிதான், ஒன்றும் கேட்காமல் தீப்பெட்டியை நீட்டினாள்.

“என்ன இது?” என்றாள் டீச்சர்.

“மிருகத்துக்கு வேஷம் கட்டிச் சிரிச்சா இடிக்காரருக்குக் கோபம் வரும், டீச்சர்” என்றாள் சமையற்காரி. “முடியை எரிச்சு மன்னிப்புக் கேட்கணும். இல்லைன்னா வெள்ளம் வந்து வீட்டைக் கொண்டுபோயிடும். இவ வீடு ஆத்தங்கரையில.”

“அப்புறம் ஏன் சிரிச்சே, ரினி?”

“டீச்சர் சொன்னா கேட்கணும்னு அம்மா சொல்லியிருக்காங்க.”

டீச்சருக்கு எங்காவது ஓடி ஒளிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. பதினைந்து வருடம் கதை சொல்லிப் பிழைத்தவள். உங்கள் ஊரில் இடி யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

முடி பொசுங்கியது. மழை வலுத்தது.

“உங்க முடியும் வேணும், டீச்சர். நீங்கதான் முதல்ல சிரிச்சீங்க” என்றாள் ரினி.

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. பென்சில் கேட்கிற குரல்.

அவள் கொண்டையை அவிழ்த்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ரினி விரல் மொத்தத்துக்கு மட்டும் வெட்டினாள்.

“இவ்வளவு போதுமா? இன்னும் எடுத்துக்கோ.”

அடுத்த இடி மிக அருகில் விழுந்தது. அவள் உடம்பு தூக்கிப்போட்டது. ரினி அவள் தோளில் கைவைத்தாள்.

“பயப்படாதீங்க, டீச்சர். தெரியாம செஞ்சுட்டாங்கன்னு உங்களுக்கும் சேர்த்து நான் சொல்லிட்டேன்.”