தள்ளுபடி

எங்கள் ஊரில் நீதிபதி பதவியில் நீடிக்கலாமா என்று ஜனங்கள்தான் ஓட்டுப் போடுவார்கள். அதற்கு முன், அவர் முன் வழக்காடியவர்களைக் கேட்டு மார்க் போடுவார்கள். என்னிடம் கேட்க மதிவதனி என்ற பெண் வந்தாள்.

"நான் தோத்தவன்மா. என்னைக் கேட்டா அவரு வேலை போயிடும்."

"தோத்தவங்களத்தான் முதல்ல கேக்கச் சொல்லியிருக்காங்க, தாத்தா."

நான் நம்பவில்லை. ஆனாலும் நடந்ததைச் சொன்னேன். என் வயலுக்குப் போகும் பாதையை அடைத்தவன் மேல் வழக்குப் போட்டிருந்தேன். நீதிபதி "தள்ளுபடி" என்றார். ஜவுளிக்கடையில் தள்ளுபடி என்றால் நமக்கு லாபம். கோர்ட்டிலும் அப்படித்தான் என்று நினைத்து, "நல்லாயிருங்க சாமி" என்று கும்பிட்டேன். வக்கீல்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வழக்கை நிறுத்தி வைத்துவிட்டு, "பெரியவரே, நீங்க தோத்துட்டீங்க. பாதைக்கான பத்திரத்த நீங்க காட்டல. மேல் கோர்ட்டுக்குப் போக முப்பது நாள் இருக்கு" என்றார்.

"பத்திரத்தத் தேடினீங்களா?" என்று கேட்டாள் மதிவதனி.

"கெடச்சிடுச்சு. மேல போட்டிருக்கேன்."

"அப்ப இவருக்கு என்ன போட?"

"பாதை இன்னும் தொறக்கல. முழு மார்க் போடாத."

அவள் பேனாவை எடுத்தாள்.

"ஆனா ஆளு இருக்கட்டும்னு எழுதிக்க. இனிமே தோக்கறவனுக்கும் வெவரம் சொல்ல ஒருத்தர் வேணும்ல" என்றேன்.