இரண்டடி வாசல்

ராஜாவே வந்தாலும் தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். இடுப்பில் வாள் இருந்தால் கழற்றி வெளியே வைத்துவிட வேண்டும். அது என்ன வாசல்? தெரிந்தால் சொல்லுங்கள்.

ஏழாம் வகுப்புக்குத் தெரியவில்லை.

"ஜெயில்!" என்றான் பினு.

"ஏர்போர்ட்! கத்தியை வாங்கி வெச்சிடுவாங்க" என்றாள் ஜினி.

"ஏர்போர்ட்ல யாருடீ தவழ்ந்து போறா?"

"எங்க வீட்டுக் கோழிக்கூடு டீச்சர்" என்றான் லிஜோ. "ராஜாவா இருந்தாலும் முட்டை வேணும்னா தவழ்ந்துதான் ஆகணும்."

சிரிப்பு அடங்கியதும் செண்பகவல்லி டீச்சர் விடையைச் சொன்னார். சாமுராய் காலத்து ஜப்பானில் தேநீர்க் குடிலுக்கு இரண்டடி வாசல்தான். போர்வீரன் வாளை வெளியே மாட்டிவிட்டு, முழங்காலிட்டுத் தலை குனிந்துதான் உள்ளே போவான். பிரபுவும் அப்படித்தான், வியாபாரியும் அப்படித்தான்.

"உள்ளே போனப்புறம் பெரியவன், சின்னவன் கிடையாது. எல்லாருக்கும் ஒரே தேநீர்."

"அப்ப நம்ம கண்காட்சிக்கு அதையே கட்டலாம் டீச்சர்" என்றாள் ஷிஜா.

பள்ளிக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கும் வகுப்புக்குப் பொன்முடி சுற்றுலா. தினமும் அந்த மலையைத் தூரத்தில் பார்த்துக்கொண்டு பஸ் ஏறும் பிள்ளைகள். பாதிப் பேர் அதில் கால் வைத்ததில்லை.

பள்ளியைப் பெருக்கித் துடைக்கும் ஓமனா சேச்சிதான் அட்டைக்கு வழி செய்தார். கழக்கூட்டம் ஊரில் ஏதோ ஒரு ஹாஸ்டலுக்கு வந்த பெரிய ஃப்ரிட்ஜ் பெட்டிகளைக் கேட்டு வாங்கி, பிரித்து மடக்கி, ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார். குடில் எழும்பியது.

கண்காட்சி அன்று ஷிஜாதான் காவல் சாமுராய். அட்டைக் கவசம், வெள்ளித்தாள் ஒட்டிய வாள். வாசலருகே வாள் மாட்டும் பலகை ஒன்று. வாள் இல்லாதவர்கள் மொபைலை வைக்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம்.

பரிசை முடிவு செய்பவர் பி.டி.ஏ. பிரசிடென்ட் திரவியம். பழவங்காடியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியில் வந்து நின்று, வாசலைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இதுல பூனைதான் போகும். நான் எப்படிப் போறது?"

பொன்முடி கைநழுவிப் போவது டீச்சருக்குத் தெரிந்தது. ஷிஜாவின் காதருகே குனிந்தார்.

"வாசலைக் கொஞ்சம் மேலே வெட்டிவிடு. கத்தரிக்கோல் எங்கே?"

"காணோம் டீச்சர்."

"காலையில உன் கையிலதானே இருந்துச்சு?"

"இப்பக் காணோம்."

என்ன பிடிவாதம் இந்தப் பெண்ணுக்கு! ஒருத்தியால் முப்பது பிள்ளைகளின் பொன்முடியும் போய்விடும் போலிருந்தது. டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு பிரசிடென்ட்டைப் பார்த்துச் சிரித்து வைத்தார்.

ஷிஜாவோ அவரை நிமிர்ந்து பார்த்து, "ராஜா வந்தாலும் இதுதான் சார் வாசல். மொபைலை இங்க வைங்க" என்றாள்.



திரவியம் அவளைப் பார்த்தார். வாளைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"சரி மக்ளே. கையில வாளு வெச்சிருக்கே, சொன்னபடி கேட்டுத்தான் ஆகணும்."

மொபைலை வைத்துவிட்டுத் தவழ்ந்தார். பாதியில் சிக்கிக்கொண்டார். பினுவும் லிஜோவும் பின்னாலிருந்து தள்ள, "லேய், மெதுவாலே!" என்ற சத்தத்தோடு உள்ளே போய்ச் சேர்ந்தார்.

தேநீர் குடித்துவிட்டு வெளியே வந்தபோது வேட்டி முழுக்கத் தூசி. முகம் முழுக்கச் சிரிப்பு.

"சின்ன வயசுல தவழ்ந்தது. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான்! நாலு மணிக்கு ஹெட்மிஸ்ட்ரஸைக் கூட்டிட்டு வாரேன். அவங்களும் இதே வாசல்ல தவழணும். நான் அதைக் கண்ணால பார்க்கணும். பார்த்துட்டா, பொன்முடி உங்களுக்குத்தான். அதுவரைக்கும் இந்த வாசல்ல எவனும் கை வெக்கப்படாது, சொல்லிட்டேன்!"

அவர் தலை மறைந்ததும் வகுப்பு துள்ளிக் குதித்தது. ஜினி பொன்முடிக்கு என்ன உடுப்பு என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். லிஜோ பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குத் துண்டு போட்டான்.

"நல்லவேளை, கத்தரிக்கோல் கிடைக்கல" என்றார் டீச்சர்.

ஷிஜா தன் அட்டைக் கவசத்தை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

மூன்றரை மணிக்கு ஓமனா சேச்சி துடைப்பத்தோடு வந்தார்.

"சேச்சி, நீங்க இன்னும் சாயா குடிக்கலையே! உள்ளே வாங்க" என்றாள் ஷிஜா.

ஓமனா சேச்சி வாசலைப் பார்த்துச் சிரித்தார். "எனக்கு முட்டு மடங்காது மோளே. ஆபரேஷன் செஞ்ச காலாக்கும். நீங்க குடிங்க, நான் பார்த்துட்டு நிக்கிறேன்."

"நான் வெளியே கொண்டு வந்து தர்றேன் சேச்சி" என்றான் லிஜோ.

"வெளியே குடுத்தா அது சும்மா சாயா" என்றாள் ஷிஜா.

வாசலைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஷிஜா, வேண்டாம்டீ. பொன்முடி!" ஜினி கெஞ்சினாள்.

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெட்டிகளை ஆட்டோவிலிருந்து இறக்கிய கைகள் துடைப்பத்தைப் பிடித்திருந்தன. அதைப் பார்த்தவர் வாயை மூடிக்கொண்டார்.

ஷிஜா தன் கவசத்துக்குள்ளிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். வாசலை ஓமனா சேச்சியின் உயரத்துக்கு வெட்டினாள்.