பரீட்சைத் தண்ணீர்

சொல்லாமல் கொள்ளாமல் குள்ளம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றான் நவநீதன். சொல்லிவிட்டு வந்தால் சுசித்ராவின் காதுக்குப் போய்விடும்.

சுசித்ரா அவனோடு ஆய்வு செய்கிறவள். போர்வெல் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடை நீக்க அவன் செய்த வடிகட்டி, பாப்பாரப்பட்டிப் பக்கம் இந்தத் தெருவில் வீட்டுக்கு ஒன்று இருக்கிறது. வடிகட்டிய தண்ணீரை வாராவாரம் தெருக்காரர்களே பாட்டிலில் பிடித்து வைப்பார்கள். கல்லூரிக்கு எடுத்துப்போய்ச் சோதிப்பது அவள்தான்.

ரிசல்ட் நன்றாக வந்தது. அதுதான் உறுத்தியது.

வடிகட்டிக்குள் ஃப்ளோரைடை உறிஞ்சும் கரி எப்போதோ வீணாகியிருக்க வேண்டும். இன்னும் புதுசு மாதிரி வேலை செய்கிறது என்றால் யார் நம்புவார்கள்? பிஎச்.டி. வைவாவில் தன்னைக் கவிழ்க்க அவள்தான் பாட்டிலை மாற்றுகிறாள் என்று முடிவே கட்டிவிட்டான். காலையில் கைடிடம் அவளைப் போட்டுக்கொடுத்தும் விட்டான்.

பாலிடெக்னிக்கில் தொடங்கி பி.இ., எம்.இ. என்று முட்டி மோதி வந்தவன். இந்த ஊர்த் தண்ணீரில் பல் பழுப்பேறி, இன்றும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பவன். தீசிஸ் பைண்டிங்குக்குப் போயிருக்கும் நேரத்தில் ஒருத்தி காலை வாரினால் வயிறு எரியாதா?

இந்த வாரத் தண்ணீருக்கென்று அவன் கொண்டுவந்த காலி பாட்டிலைக் குள்ளம்மாள் வாங்கினாள். வடிகட்டியைத் தாண்டி நேராக அடுப்படிக்குப் போனாள். எப்போதாவது வரும், ஃப்ளோரைடு இல்லாத ஒகேனக்கல் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்த குடத்தைச் சாய்த்தாள்.

"யாருக்கா இப்படிப் பண்ணச் சொன்னது?" சுசித்ராவின் பெயர் வரும் என்று காத்திருந்தான்.

"நீங்கதானுங்க சொன்னீங்க, தண்ணி சரியில்லைன்னா டாக்டர் பட்டம் கெடைக்காதுன்னு. மொதல்ல இருந்தே எங்க தெருவே இதத்தான் புடிச்சுக் குடுக்குது. பரீட்சை பண்றவங்கள நம்ப முடியுங்களா?"

வடிகட்டியைக் கை காட்டினான்.

"அது நீங்க செஞ்சதாச்சே, அதுல என்ன சந்தேகம்? எங்க வூட்டுப் புள்ளைங்க எல்லாம் அதத்தான் குடிக்குது."

வெயிலில் வந்தவன் என்று வடிகட்டிக் குழாயிலேயே ஒரு சொம்பு பிடித்து நீட்டினாள்.

குடிக்காதீங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் பட்டம் போச்சு.

நவநீதன் சொம்பை வாங்கி மடமடவென்று குடித்தான்.

"நல்லா இருக்குதுக்கா," என்றான்.