வாசலில் காலி நாற்காலி

“இதையே வெளிய வந்து சொல்லுவியா தாயி?” என்று பாவசங்கீர்த்தனத் தொட்டியின் மரத்தடுப்புக்குப் பின்னாலிருந்து ஞானப்பிரகாசம் சாமியார் என்னைக் கேட்டார். மில் விடுதியிலிருந்து ஞாயிறு பூசைக்கு மட்டும்தான் எங்களை வெளியே விட்டார்கள். அப்போதும் சூப்பர்வைசரே வேன் ஓட்டி வந்து கோயில் வாசலில் நிற்பார். என்னோடு வேலை செய்த ரெஜினாளுக்கு மெஷினில் விரல்கள் போனது அவளுடைய கவனக்குறைவால்தான் என்று மில்லில் சொல்லிவிட்டார்கள். நடந்ததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதை என் பாவங்களோடு சேர்த்துச் சொல்லி முடித்திருந்தேன். “இங்க கேட்டத நான் யார்கிட்டயும் பேசக் கூடாதும்மா” என்றார். நான் எழுந்து பூசைக்குப் போனேன்.

பூசை முடிந்ததும் அவர் வாசலில் இரண்டு நாற்காலிகளைப் போட்டு, ஒன்றில் உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

“என்ன சாமி, வெயில் காயுறீங்களா?” என்று சூப்பர்வைசர் சிரித்தார்.

“யாராச்சும் பேச வருவாங்கல்ல.”

“எங்க பிள்ளைங்களா? வாயே தெறக்காதுங்க.”

நான் போய்க் காலி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். “சாமி, மெஷின் ஓடும்போதே தொடைக்கச் சொன்னது இவருதான்.”

சூப்பர்வைசர் எங்களை ஏற்றாமலே வேனை எடுத்துக்கொண்டு போனார்.