நிரந்தரமாக மூடப்பட்டது

பெங்களூர் வண்டியொன்று வளைவில் வேகத்தைக் குறைத்தது.

நிற்கக் கூடாது முருகா, நிற்கக் கூடாது என்று ஜோதிமணி வாய்க்குள் முணுமுணுத்தாள்.

ஓட்டி வந்தவன் கண்ணாடியை இறக்கிப் போனைப் பார்த்தான். ரோட்டுக்கு மேலே இருந்த தேவசேனாவின் வீட்டை அண்ணாந்து பார்த்தான். பக்கத்திலிருந்த பெண்ணிடம் ஏதோ சொல்லி உதட்டைப் பிதுக்கினான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போயே போய்விட்டான்.

அப்பாடா. பொங்கலுக்குப் பிறகு இன்றைக்குத்தான் ஜோதிமணிக்கு வயிறார உண்ட மாதிரி இருந்தது.

தேவசேனா வேறு யாருமில்லை, அவளுடைய ஓரகத்தி. புருஷனின் அண்ணன் மனைவி. பாகம் பிரித்தபோது ரோட்டோர வீட்டை அமுக்கிக்கொண்டு, கோவிலுக்குப் பின்னால் முடுக்குக்குள் கிடந்த வீட்டைத் தம்பி தலையில் கட்டியவள். அன்றோடு பேச்சு அறுந்தது. பெரியம்மா வாசலை மிதித்தால் காலை ஒடித்துப்போடுவேன் என்று மகள் ரம்யாவிடமும் ஜோதிமணி சொல்லிவைத்திருந்தாள்.

முடுக்கென்றால் முடுக்கு, அங்கேயே ஒரு பூண்டுக் கடை போட்டாள். குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் எட்டிப்பார்த்து வாங்கிப் போனார்கள். ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

பொங்கலோடு அதுவும் போயிற்று. கோவிலுக்கு வரும் முன்னே வண்டிகள் வளைவிலேயே நின்றன. இறங்குகிறவன் எவனும் வழி கேட்கவில்லை. போனைப் பார்த்தபடியே நேராகத் தேவசேனா வீட்டுப் படியேறினான். அதுவரை பூண்டை மூட்டை மூட்டையாக வடுகபட்டி மண்டிக்கு ஏற்றிக்கொண்டிருந்தவள், வாசல் தேடி ஆள் வந்ததும் தராசைத் தொங்கவிட்டுவிட்டாள்.

இந்தப் போகமும் இப்படிப் போனால் கடையைத் தூக்கிவிட்டு மண்டிக்கே போட்டுவிடலாம் என்று ஜோதிமணியின் புருஷன் சொல்லிவிட்டான். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கடை ஒன்றுதான் அவள் தன் கையால் உண்டாக்கியது.

ஜீப் ஓட்டுகிற ராஜமுருகன்தான் சூட்சுமத்தைச் சொன்னான். போன் மேப்பில் தேவசேனா வாசலில் ஒரு கடையின் புள்ளி குத்தியிருக்கிறதாம். இங்கிலீஷில் ‘பூம்பாறை மலைப்பூண்டு’ என்று பெயராம். ஆள் பேர் கிடையாது, நம்பர் கிடையாது. பூண்டு என்று தேடுகிறவனுக்கெல்லாம் அதுதான் முதலில் வருகிறதாம்.

கொடைக்கானலில் எவனையோ பிடித்து நட்டுவிட்டாள் என்று ஜோதிமணி அந்த நிமிஷமே முடிவுகட்டினாள். என் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்ட கை விளங்குமா என்று வாய்விட்டே சபித்தாள்.

அதற்கும் ராஜமுருகனிடம் ஒரு வழி இருந்தது. இந்தக் கடை நிரந்தரமாக மூடப்பட்டது என்று நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் அழுத்தினால் மேப்பு நம்பிவிடுமாம்.

ஆளுக்கா பஞ்சம்? மன்னவனூரில் அண்ணன் மக்கள் அழுத்தினார்கள். கூக்காலில் தங்கை வீட்டார் அழுத்தினார்கள். தேவசேனாவோடு வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை போட்டவர்கள் சொல்லாமலே அழுத்தினார்கள். ரம்யாவிடம் மட்டும் ஜோதிமணி மூச்சுவிடவில்லை. திண்டுக்கல்லில் காலேஜ் படிக்கிறவள், பெற்றவளுக்கே நியாயம் சொல்ல வந்துவிடுவாள்.

முதலில் அழுத்தியது ஜோதிமணியின் கட்டைவிரல்தான். அதுவும் தேவசேனா வீட்டுப் படிக்குக் கீழே, இப்போது நிற்கிற இதே கல்லில் நின்று. என்ன செய்வது, அந்தப் பக்கத்தில் டவர் எடுக்கிற இடம் அது ஒன்றுதான். பகையாளி வாசல் என்று பார்த்தால் யாரோடும் போனில் பேச முடியாது.

வண்டிச் சத்தம் கேட்டு வெளியே வந்த தேவசேனா, அது நிற்காமல் போவதை மேல்படியில் நின்று பார்த்தாள். பிறகு கீழே நின்றவளைப் பார்த்தாள்.

“வயிறு குளுந்துருச்சா?”

ஜோதிமணி சிரிப்பை மறைக்கவில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. ரம்யா. எடுத்ததும் ஒரே அழுகை.

முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அதட்டிக் கேட்ட பிறகுதான் கோவையாக வந்தது. பொங்கல் லீவில் வந்தபோது அவள் கடையை மேப்பில் போட்டாளாம். ஜோதிமணி கடை என்று போட்டால் எவன் தேடுவான், அதனால் ஊர்ப்பேரையும் பூண்டையும் போட்டாளாம். முடுக்குக்குள் டவர் கிடைக்காததால் பெரியம்மா வீட்டுக் கல்லில் நின்று போட்டாளாம். நிற்கிற இடத்திலேயே அது குத்திக்கொள்ளும் என்று அப்போது தெரியவில்லையாம். அங்கே போனதற்கு அம்மா காலை ஒடிப்பாளே என்று பயந்து சொல்லாமலே விட்டாளாம். நேற்றுத்தான் அது தப்பான இடத்தில் கிடப்பதைப் பார்த்தாளாம். இந்தப் போகத்துக்காவது நம் வாசலுக்கு மாற்றிவிடுவோம் என்று இன்றைக்குத் திறந்தால், சிவப்பில் எழுதியிருக்கிறதாம்.

மேல்படியில் தேவசேனா இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

“நம்ம கடையவே மூடிட்டாங்கம்மா. அத அழுத்துனவங்க கை வெளங்குமா?”

ஜோதிமணி போனை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.