கற்றாழை இலையில் ஒரு பெயர்

இது நடந்த மாதம் எனக்குச் சரியாக நினைவில்லை. கேட்டால் பொற்கொடியும் ஒவ்வொரு முறை ஒவ்வொன்று சொல்வாள். கடலோரத் தாவரவியல் பூங்காவில் அந்தப் பெரிய கற்றாழை பூத்திருந்தது. பனை உயரத்துக்கு ஒற்றைத் தண்டு. அதன் இலை ஒன்றில் தேன்மொழி என்று கீறியிருந்தது. பதினொரு வயதில் பள்ளிச் சுற்றுலா வந்தபோது பொற்கொடியின் மகள் காம்பஸ் முனையால் எழுதியது. அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டாள். பொற்கொடியும் கணவர் தணிகாசலமும் ஆண்டுதோறும் அதைப் பார்க்க வருவார்கள். இலை வளர வளர எழுத்துகளும் அகன்றுகொண்டே வந்தன. இப்போது அது வளர்ந்த பெண்ணொருத்தியின் கையெழுத்தைப் போல இருந்தது.

"பூத்துட்டா அவ்வளவுதாம்மா, செத்துரும்," என்றார் தோட்டக்காரர் சூசை. "பேரு கீறுன இலையெல்லாம் வெட்டணும்னு உத்தரவு. இத மட்டும் பன்னெண்டு வருசமா என் கண்ணு பாக்கல."

"அந்த இலைய மட்டும் வெட்டிக் குடுங்கண்ணே," என்றார் தணிகாசலம்.

சூசை அரிவாளை எடுத்தார். பொற்கொடி குறுக்கே கை நீட்டினாள்.

"வேணாங்க. ஆஸ்பத்திரில அவளோட மூச்சு மெசினக் கழட்டச் சொல்லி அன்னிக்கு நாமதான் கையெழுத்துப் போட்டோம். இதாவது தானாப் போகட்டும்."

தணிகாசலம் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சூசை அரிவாளைக் கீழே வைத்தார்.

செடி நான்கு மாதம் நின்று காய்ந்தது. சூசை ஓய்வுபெற்று மகன் வீட்டுக்குப் போனார். தணிகாசலம் மறு ஆண்டு இறந்தார். பொற்கொடி ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள்.