வராத அலேர்ட்

"அலேர்ட் வந்ததா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

சூசைதாசன் கேட்டது மேசைக்கு எதிரே நின்ற ஸமீமாவிடம். ஆனால் அவர் கண் என்னவோ பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளி சாந்தகுமாரின் முகத்தில்தான் இருந்தது. கணினிப் பிரிவுக்குத் தலைவர் சூசைதாசன். யாருடைய தலையாவது உருளப்போகிறது என்றால் அது தன்னுடையதாக இருக்கக்கூடாது என்பதில் மிகவும் கவனமாக இருந்தார்.

"வரல்ல சேர்," என்றாள் ஸமீமா.

கொட்டாஞ்சேனையில் இருந்த அந்தக் கப்பல் சரக்குக் கொம்பனிக்கு அன்று பொழுது நன்றாக விடியவில்லை. காலையிலேயே மெயில் சேர்வர் படுத்துவிட்டது. வாடிக்கையாளர்கள் அனுப்பிய புக்கிங் ஒன்றும் உள்ளே வரவில்லை. இன்றைக்கு வேலை குறைவு என்று நினைத்து எல்லோரும் ஆறுதலாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மதியம் நெருங்க ஒரு வாடிக்கையாளர் போன் எடுத்துக் கிழிகிழியென்று கிழித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அதற்குள் அவருடைய கொண்டெய்னரை விட்டுவிட்டுக் கப்பல் துறைமுகத்தைத் தாண்டிவிட்டது.

எந்த மெஷின் நின்றாலும் டியூட்டியில் இருப்பவரின் போனுக்கு அலேர்ட் என்ற எச்சரிக்கைச் செய்தி வர வேண்டும். கண்காணிப்பு சொஃப்ட்வெயாரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி போட்டிருக்கிறது. அந்த விதிகளைப் பார்த்துக்கொள்வது ஸமீமாவின் வேலை. இந்த மாதத்தோடு அவளை நிரந்தரமாக்குவதாக இருந்தது. போன வாரம்தான் தேவையில்லாத விதிகளை அழித்துத் துப்புரவாக்கி, நல்ல பெயரும் வாங்கியிருந்தாள்.

"கிளீன் பண்ணேக்க இதையும் சேர்த்து அழிச்சிட்டீங்களோ?" என்றார் சாந்தகுமார்.

"இல்ல சேர். இந்தா ஈக்கி." லெப்டொப்பைத் திருப்பிக் காட்டினாள். விதி இருந்தது. அது வேலை செய்கிறது என்பதற்கான பச்சைப் புள்ளியும் பக்கத்தில் இருந்தது.

"அப்ப அலேர்ட் போயிருக்கும் சேர்," என்றார் சூசைதாசன். "இவ பாக்கேல்ல. அவ்வளவுதான்."

"போனைத் தாங்க பாப்பம்," என்றார் சாந்தகுமார்.

ஸமீமா கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் உம்மா அனுப்பிய செய்திகளெல்லாம் அதில் கிடப்பது நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை தெமட்டகொடையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். எந்த உடுப்பு, என்ன சாப்பாடு என்று உம்மா காலையிலிருந்து துளைத்துக்கொண்டிருந்தார். அதையெல்லாம் முதலாளி விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்க, அவள் கூனிக்குறுகிப் போனாள்.

"உம்மாட மிஸ்ட் கோல் நிறையக் கிடக்கு. போனை சைலன்ட்ல போட்டீங்களா?"

"ஓம் சேர். கொஞ்ச நேரம்."

"ஆனா அலேர்ட் ஒண்டையும் காணேல்ல."

"அழிச்சிருப்பா சேர்," என்றார் சூசைதாசன், முகத்தில் கவலையை வரவழைத்துக்கொண்டு.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லோரும் வேலை செய்வதுபோல் இருந்தார்கள். ஒருவரும் வேலை செய்யவில்லை என்பது அவளுக்குத் தெரியும். காது மடல் சுட்டது.

"அழிச்சீங்களா மகள்?" என்றார் சாந்தகுமார். " உண்மையைச் சொல்லுங்க. நாங்க பெரிசாக்க மாட்டம்."

அதட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த மெதுவான குரல்தான் அவளை உடைத்தது. எப்படியாவது இந்த அறையை விட்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது.

"ஓம் சேர்," என்றாள் தரையைப் பார்த்தபடி. "பாக்காம உட்டதும் நான்தான். அழிச்சதும் நான்தான்."

செய்யாததைச் செய்தேன் என்று சொன்ன அவமானம், அதுவரை பட்டதையெல்லாம் விடப் பெரிதாக இருந்தது.

சூசைதாசன் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"சரி," என்றார் சாந்தகுமார். "நாங்க அனுப்பினதா இருக்க வேண்டாம். நீங்களே ரிசைன் பண்ணிடுங்க."

ஸமீமா தலையாட்டினாள். வீட்டுக்குப் போய் உம்மாவிடம் என்ன சொல்வது? மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது? கண் நிறைந்து வழிந்தது.

கதவைத் திறந்து ரிஷாத் எட்டிப் பார்த்தான். காலையிலிருந்து சேர்வரோடு மல்லுக்கட்டியவன் அவன்தான். "சேர், மெயில் சேர்வர் எழும்பிட்டு. இனி எல்லாம் வரும்."

அவன் சொல்லி வாய் மூடவில்லை. சாந்தகுமாரின் கையிலிருந்த ஸமீமாவின் போன் 'டிங்' என்றது. மறுபடியும் டிங். பிறகு நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் ஒன்றைத் திறந்து வாசித்தார்.

"'மெயில் சேர்வர் நின்றுவிட்டது. உடனே கவனிக்கவும்.' காலமை அனுப்பினது, இப்பதான் வருது." அடுத்ததைத் திறந்தார். அதுவும் அதேதான்.

எல்லாம் மெயிலாகவே வந்திருப்பதைக் கவனித்தார். "மெயில் நிண்டுட்டுது எண்டு சொல்றதுக்கு, மெயில் போடச் சொல்லி வச்சது ஆர்?"

அலேர்ட்டின் அடியில் விதியை அமைத்தவரின் பெயர் இருந்தது. சாந்தகுமார் அதையும் சத்தமாகவே வாசித்தார்.

"சூசைதாசன்."